பட்டறைக் கூரைமேல ஒரு காத்துப் பெட்டி

றெக்கை கிடையாது, ஊர் ஊராப் பறக்கும். வாய் கிடையாது, முழு மரத்தையும் தின்னு தீத்துடும். கண்ணுக்கே தெரியாது, ஆனா குடும்பத்துக்குள்ள சண்டை மூட்டி விட்டுடும். அது என்னது? சொல்லுங்கண்ணே பாப்போம்.

காத்தா? இல்ல. கரையானா? அட, கரையானுக்கு வாய் இருக்குண்ணே! மரவேலை செய்றவன்கிட்டயே வந்து கரையானுக்கு வாய் இல்லேங்கிறீங்களே... சரி சரி, யோசிச்சது போதும், டீ ஆறிடும். நானே சொல்லிடறேன். பூசணம். பூசணத்தோட வித்து. விடுகதை நான் போட்டது இல்ல, என் தங்கச்சி போட்டது. அந்தப் பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. "என்னடி இது கண்றாவி?"ன்னு கேட்டேன். பதில் சொல்லாம இந்த விடுகதையைப் போடறா. படிச்சவங்களே இப்படித்தான். நம்ம ஒரு கேள்வி கேட்டா, மாத்தி ஒரு கேள்வியை நம்ம கையிலயே குடுத்துடுவாங்க.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். மரவேலைக்காரன் வீட்டு ஸ்டூல் ஆடலாமான்னு சிரிக்காதீங்க. தையல்காரர் சட்டையில பட்டன் இருந்து பாத்திருக்கீங்களா? இந்தப் பலகை மேல உக்காருங்க. ரம்பத்தைக் கீழ வைங்கண்ணே, மடியில வெச்சுக்கிட்டு டீ குடிக்கிறீங்க, எனக்குத்தான் பயமா இருக்கு. கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து லைனை நிறுத்தினாத்தானே நீங்க மரத்துல ஏற முடியும்? மேல ஃபேன் ஓடுது பாருங்க. அது நின்னா கரண்ட் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீங்களாச்சு, வாசல்ல நிக்கிற அந்த மரமாச்சு. அதுவரைக்கும் வெயில்ல எதுக்கு நிக்கிறீங்க?

மரத்தைப் பத்தி நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. வெட்டச் சொல்லி ஆர்டர், வெட்ட வந்திருக்கீங்க, உங்களைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? என் கோவமெல்லாம் அந்தப் பெட்டி மேல. வாசல்ல தலையை நீட்டி அண்ணாந்து பாருங்க. கூரை மூலையில, சாம்பல் கலர்ல, தலையில ஒரு குழாய், குழாய்க்கு ஒரு தொப்பி. சத்தம் கேக்குதா? ம்ம்ம்ம்ம்னு... நாள் பூரா அதே ராகம். என் மாமியார் கூட நடுவுல மூச்சு வாங்குவாங்கண்ணே, இது வாங்காது.

என்ன பண்ணுதா? காத்தை உறிஞ்சுது. அவ்வளவுதான் அதோட உத்தியோகம். காத்தை உறிஞ்சி, உள்ள ஒரு வெள்ளைத் தாள் வழியா விடும். டீ வடிகட்டற மாதிரி. காத்து போயிடும், காத்துல வந்த தூசு தும்பு மட்டும் தாள்ல நின்னுடும். வாரத்துக்கு ஒரு தடவை தங்கச்சி வருவா. கையில உறை, மூஞ்சில துணி, என்னமோ பிரசவம் பாக்கப் போற மாதிரி ஏணியில ஏறுவா. இடுக்கியால தாளை எடுத்து, குப்பியில போட்டு, மூடி, தேதி எழுதி, புதுத் தாள் வெச்சிட்டு இறங்குவா. "அண்ணா, டீ இருக்கா?" அதுக்கு மட்டும் அண்ணன் வேணும்.

எதுக்குடி இந்தப் பாடுன்னு கேட்டேன். அவ சொன்னதைக் கேளுங்க. மரத்துக்குச் சீக்கு வந்தா நமக்கு எப்ப தெரியுது? இலை வாடினப்புறம். கிளை காஞ்சப்புறம். அதுக்கு மேல வைத்தியம் எங்க பாக்குறது, உங்களைத்தான் கூப்பிடணும். ஆனா சீக்கு வர்றதுக்கு முன்னாடியே அதோட வித்து காத்துல வந்துடுமாம். மாவுத் தூளை விடச் சின்னதாம். சரி, பூதக்கண்ணாடி வெச்சுப் பாரேன்னேன். பாத்தா நல்ல பூசணம், கெட்ட பூசணம் எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சியாம். அதனால மூஞ்சியை விட்டுட்டு டிஎன்ஏவைப் படிக்கிறாங்களாம். எல்லா உயிருக்குள்ளயும் ஒரு எழுத்து வரிசை இருக்காம்ணே. அந்த மரத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. தூசுக்குள்ள அந்த எழுத்தைத் தேடிப் புடிச்சு, ஒண்ணை லட்சமாப் பெருக்கி, ஆங், இது கருகல் நோய்னு சொல்லிடுவாங்களாம். சீப்புல ஒட்டியிருக்கிற முடியைப் பாத்து, என் சீப்பை எவன் எடுத்தான்னு வீட்ல கண்டுபிடிப்பாங்க இல்ல... அந்த மாதிரி. பூசணத்தை நேர்லயே பாக்க வேணாமாம்.

நான் மூக்கைப் பொத்திக்கிட்டேன். "ஏண்டி, அப்ப நான் இங்க தும்மினாலும் அதுல விழுமா?" "விழும்ணா." "இருமினா?" "அதுவும் விழும். நீ பட்டறைக்குப் பின்னாடி நின்னு சிகரெட் குடிக்கிறப்ப இருமுறியே, அதுவும்." பாத்தீங்களா! அப்புறம், "பயப்படாத, நாங்க மரத்தோட சீக்கை மட்டும்தான் தேடுவோம், அண்ணியோட வேலை எங்களுக்கு எதுக்கு"ன்னு சிரிக்கிறா.

சின்ன வயசுலயே அவ அப்படித்தாண்ணே. ரொட்டியில பூசணம் புடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? தூக்கிப் போடுவீங்க. இவ டப்பாவுல போட்டுக் கட்டிலுக்கு அடியில வளப்பா. பச்சைக்கு ஒரு பேர், கறுப்புக்கு ஒரு பேர். ஒரு நாள் அம்மா டப்பாவைக் கொட்டிட்டாங்கன்னு சோறே திங்கல. எனக்குத் தங்கச்சி, அந்தப் பூசணத்துக்கெல்லாம் அவ அக்கா.

பிஸ்கட் எடுத்துக்கங்க. நமுத்துப் போச்சா? அதுலயும் வித்து இருக்கும், தின்னுங்க.

எங்க விட்டேன்? ஆங், பெட்டி. இந்தத் தெருவுல இத்தனை வீடு இருக்கு, என் கூரைதான் கிடைச்சுதா? தட்டையா இருக்காம். ப்ளக் பக்கத்துல இருக்காம். அதைவிட, வேற எந்த வீட்டுக்காரரும் இவளை ஏணி போட விட மாட்டாங்களாம். அண்ணன்னா இளிச்சவாயன்தானே. வெச்சப்ப ஒரே ஒரு விதி சொன்னா. "நீ வழக்கமா வாங்குற மரம் எது எதுன்னு எனக்குத் தெரியும். புதுசா எங்கேருந்தாவது மரம் வந்தா மட்டும் அறுக்குறதுக்கு முன்னாடி சொல்லிடு." சரி சரின்னேன். நம்ம எத்தனைக்குச் சரி சரின்னு சொல்றோம், எல்லாத்தையுமா செய்றோம்?

இப்ப பாருங்க கூத்தை. போன தடவை எடுத்துட்டுப் போன தாள்ல கருகல் நோய் வந்துடுச்சு. கொஞ்ச நஞ்சம் இல்லையாம், அள்ளி அள்ளி வந்திருக்காம். தங்கச்சி மூஞ்சி வெளிறிப் போச்சு. அவ ஆராய்ச்சி ஆபீஸ்ல சொன்னா, அங்கேருந்து மர ஆபீஸுக்குச் சொன்னாங்க, அங்கேருந்து ஒரு அதிகாரி வந்தாரு. குள்ளமா, கழுத்துல ஆபீஸ் அட்டையோட, குடை புடிச்சிக்கிட்டு. மரத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தாரு. தெருப்பக்கம் ஒரு கிளை காஞ்சு நிக்குது பாருங்க, அதைப் பாத்தாரு. பெட்டியில வித்து, மரத்துல காஞ்ச கிளை. ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டாரு. வெட்டுன்னுட்டாரு!

தங்கச்சி மல்லுக்கு நின்னாண்ணே. அதைச் சொல்லணும். "பெட்டி சொல்றது ஒண்ணே ஒண்ணுதான் சார், இந்தப் பக்கமா அந்தப் பூசணம் வந்துச்சுங்கிறது. எந்த மரத்துலேருந்து வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. வந்தது உயிரோட இருக்கா, செத்துப் போச்சான்னு கூடத் தெரியாது. செத்த பூசணத்துலயும் டிஎன்ஏ இருக்கும். பட்டையைச் சோதிக்காம வெட்டக் கூடாது"ன்னா. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "இந்தப் பெட்டியை நம்புங்கன்னு எங்க பின்னாடியே சுத்தினதும் நீங்கதான், இப்ப நம்பாதீங்கன்னு சொல்றதும் நீங்களாம்மா?" காத்துக் காலம் வரப் போகுதாம், பட்டையைச் சோதிச்சு முடிவு வர்றதுக்குள்ள தெருவுல இருக்கிற மத்த மரத்துக்கெல்லாம் பரவிட்டா யார் பதில் சொல்றதாம். அவரு பக்கமும் நியாயம் இருக்கு. அதுதான் எரிச்சலா இருக்கு. அநியாயம் பண்றவனைத் திட்டலாம், நியாயம் பேசுறவனை என்ன பண்றது?

அந்தக் கிளை... கிளை சீக்குல காயலண்ணே. எனக்குத் தெரியும். எப்படின்னா... வார்னிஷ் அடிச்சதும் பிரஷ் கழுவுன தின்னர் மிஞ்சும். அதை எங்க கொட்டறது? வீட்டுக்குள்ள கொட்டினா சம்சாரம் என்னைக் கொட்டிடுவா. அதனால மரத்தடியில, தெருப்பக்கமா... ரொம்ப நாளா இல்ல. ஒரு மழைக்காலம்தான். அதுக்குள்ள அந்தப் பக்கத்து வேருக்குக் கோவம் வந்துடுச்சு.

அப்படிப் பாக்காதீங்கண்ணே. நீங்க மட்டும் வண்டிக்கு எண்ணெய் மாத்தினா பழைய எண்ணெயை வீட்டுக்கா எடுத்துட்டுப் போறீங்க?

எடுத்துட்டுப் போறீங்களா! சரி, விடுங்க.

சரி, கிளை என் வேலை, ஒத்துக்கறேன். வித்துக்கு நான் என்ன பண்ணுவேன்? வித்து காத்துல வருது. காத்து யார் வீட்டுச் சொத்து? அதையேதான் நேத்து சாயந்திரம் தங்கச்சி போன் பண்ணினப்பவும் சொன்னேன். குரலே சரியில்ல அவளுக்கு. "அண்ணா, நல்லா யோசிச்சுச் சொல்லு. புதுசா ஏதாவது மரம் வந்துச்சா? வேற இடத்துலேருந்து வந்த மரத்தூள்தான் பெட்டிக்குள்ள போயிருக்குன்னு காட்டினா வெட்டை நிறுத்திடலாம். இல்லேன்னா மரமும் போயிடும், என் பெட்டியும் போயிடும். பட்டையில சீக்கு இல்லேன்னு அப்புறமாத் தெரிஞ்சா, நல்ல மரத்தைக் கொன்ன பெட்டின்னு சொல்லி எல்லா ஊர்லயும் வெச்சிருக்கிறதைக் கழட்டிடுவாங்க." நான் சொன்னேன்... இல்லம்மா, எதுவும் வரலன்னு.

ம்.

எழுந்திரிக்காதீங்க, சொல்றேன். நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தப் பலகை... பதறாதீங்க, உங்களை ஒண்ணும் பண்ணாது, அது மரத்தைத் தின்னுற பூசணம், மனுஷனைத் தொடாது. லாரி ஓட்டுற சிநேகிதன் ஒருத்தன் கொண்டாந்து போட்டான். மலைப்பக்கம் சீக்கு வந்த மரத்தையெல்லாம் வெட்டியிருக்காங்க. எல்லாத்தையும் அங்கயே எரிச்சுடணும், கீழ கொண்டு வரக் கூடாதுன்னு சட்டம். இவன் எரிக்க மனசு வராம தூக்கிட்டு வந்துட்டான். அவனை நான் திட்டத்தான் போனேன். சத்தியமா! பலகையைத் திருப்பினான் பாருங்க...

நீங்க எழுந்து அதைப் பாருங்க. இப்படி வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. அந்தக் கறுப்பு ரேகை. வெள்ளை மரத்துக்குள்ள மை ஊத்தி விட்ட மாதிரி, வளைஞ்சு, பிரிஞ்சு, மறுபடி சேந்து ஓடுது. இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ரேகையை நான் பாத்ததில்ல. பாலீஷ் போட்டா உயிரோட அசையும். அந்த ரேகைதாண்ணே நோய். பூசணம் போன வழிதான் அது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும், கை சும்மா இருக்கல. மத்தவங்களுக்குக் குடி, சீட்டு. எனக்கு ரேகை. என்ன பண்ணச் சொல்றீங்க?

அறுத்தேன். இங்கயே. அந்தப் பெட்டிக்கு நேர் கீழ. இழைச்சேன், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன், தூள் பறந்துச்சு. தும்மித் தும்மி மூக்கு சிவந்துச்சு. மேல பெட்டி ம்ம்ம்ம்ம்னு உறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தங்கச்சி பெட்டியைக் குத்தம் சொல்லக் கூடாது. அது தன் வேலையை ஒழுங்காத்தான் பாத்திருக்கு. மூதேவி!

என்ன செஞ்சேனா? கட்டில். என் பொண்ணுக்கு.

உள்ள இருக்கா. மூணு புள்ளைங்க எங்களுக்கு. மூத்தவ பொண்ணு, அப்புறம் ரெட்டைப் பசங்க. ஒரே ரூம், ஒரே மெத்தை. அந்தப் பசங்க தூங்குறாங்கன்னு நினைக்கிறீங்களா? ரெண்டு பேரும் கனவுலயே பந்து விளையாடறாங்க, பந்து யாருன்னா நடுவுல படுத்திருக்கிற இவதான். காலையில எழுந்தா கன்னத்துல கால் விரல் அச்சு இருக்கும். "அப்பா, எனக்குன்னு ஒரு கட்டில்"னு நடக்கப் பழகினதுலேருந்து கேக்கறா. ஊருக்கெல்லாம் கட்டில் செய்றேன், ஊரான் புள்ளையெல்லாம் நான் செஞ்ச கட்டில்ல கவுந்து படுத்துத் தூங்குது. என் புள்ளை உதை வாங்குது. அந்த ரேகையைப் பாத்ததும் இது அவளுக்குத்தான்னு தோணிடுச்சு. தலைமாட்டுப் பலகையில மூலைக்கு மூலை ஆறு ஓடுற மாதிரி அமைஞ்சுது. போட்டுக் குடுத்த அன்னிக்கு விரலால அந்த ஆத்தோடவே போயிப் போயி, அப்படியே தூங்கிட்டா. உதை இல்லாம.

இப்ப உண்மையைச் சொன்னா சீக்கு மரம் அத்தனையும் எரிக்கணும். துண்டு, தூள், பலகை, கட்டில் எல்லாம். தங்கச்சியே வந்து எரிப்பா, அவ விதியில அண்ணன் தம்பி கிடையாது. சொல்லாட்டி மரம் போகும். அந்த மரமும் என் பொண்ணோடதுதான். வடக்குக் கிளையில ஒரு கப்பி தொங்குது பாத்தீங்களா? பெயிண்ட் டப்பாவும் கயிறும்? அவ போட்டது. ஜன்னல்லேருந்து இழுத்தா டப்பா மேல போகும். ராத்திரி உதைச்சவன் செருப்பு காலையில உச்சியில இருக்கும். ரெண்டு பேரும் கீழ நின்னு கெஞ்சணும். அந்த மரம்தாண்ணே அவளுக்குக் கோர்ட்டு.

அதனால காலையில அவகிட்டயே கேட்டுட்டேன். எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணு விடாம, தின்னரையும் சேத்து. கட்டிலா, மரமா, நீயே சொல்லுன்னேன்.

என்னண்ணே, சின்னப் புள்ளைகிட்டயா கேட்டேங்கிற மாதிரி பாக்குறீங்க? வேற யார்கிட்ட கேக்க? சம்சாரம் ஆஸ்பத்திரியில டூட்டி, அவகிட்டச் சொன்னா எனக்கே அங்க ஒரு கட்டில் வேண்டி வரும். கட்டில் புள்ளையோடது, மரம் புள்ளையோடது. இதுல நான் யாரு? வெறும் குத்தவாளி.

அவ என்ன சொன்னா தெரியுமா? அழல. யோசிச்சா. "இந்த மரத்தை வெட்டினா அதை வெச்சு வேற கட்டில் செய்யலாமாப்பா?" இல்லம்மா, சீக்குன்னு பேர் வந்துட்டா அதையும் எரிச்சுடுவாங்க. "சும்மா பேருக்குச் சீக்குன்னாலும் எரிப்பாங்களா?" எரிப்பாங்கம்மா. "அப்ப அத்தை பெட்டியை?" கழட்டிடுவாங்க. "அத்தை பொய் சொன்னாங்களா?" இல்லம்மா. "அப்ப யாரு?" கேக்கற கேள்வியைப் பாருங்க! அவ அத்தைக்குத் தப்பாமப் பொறந்திருக்கா. அப்புறம் என் சட்டைப் பையிலேருந்து போனை எடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தினவதான், இன்னும் வரல.

இன்னொரு டீ போடவா? பாதி கிளாஸ்? பால் இல்ல, கறுப்பா...

அய்யோ, ஃபேன்.

நிக்குது பாருங்க. நின்னுடுச்சு. பெட்டியும் வாயை மூடிடுச்சு. வந்துட்டாங்க போல கரண்ட் ஆபீஸ்காரங்க... இருங்கண்ணே, கயித்தை அப்புறம் தோள்ல போடலாம். ஒரு நிமிஷம்! முதல்ல காஞ்ச கிளையை மட்டும் வெட்டுங்களேன்? மெதுவா வெட்டுங்களேன்? மொக்கை ரம்பம்னு சொல்லுங்களேன், நானே வேணா மொக்கையாக்கித் தர்றேன். நீங்களாவது ஆபீஸ்ல சொல்லிடுங்களேன், மரத்துமேல ஏறிப் பாத்தேன், நல்லா இருக்குன்னு... தலையை ஆட்டுறீங்க. உங்க வாயால சொல்ல மாட்டீங்க. என்னண்ணே இது? உங்க போனை என்கிட்ட நீட்டுறீங்க. நானே சொல்லணுமா? தங்கச்சி நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லண்ணே. கூடப் பொறந்தவ நம்பரை யாராவது மனப்பாடம் பண்ணுவாங்களா? பொய் இல்ல. சரி, பொய்தான். கையை மடக்குங்க முதல்ல, யோசிக்க விடுங்க...

கதவு திறக்குது. இருங்க, இருங்க.

என்னம்மா? இங்க வா. இவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு, டீ குடிக்க வந்திருக்காரு. ஏன் கட்டில் மெத்தையை இழுத்துட்டு வர்றே? ம்? சத்தமாச் சொல்லு, காதுல விழல. யார்கிட்ட? எப்ப? அவ என்ன சொன்னா? என்னைத் திட்டினாளா? ரொம்பவா? சரி... சரிம்மா. அப்ப நீ எங்க படுப்பே... என்னது? அம்மாகிட்டயும் கேட்டுட்டியா? அம்மா சரின்னுட்டாங்களா?

அண்ணே, கயித்தைக் கீழ வைங்க. அத்தைக்கு அவளே போன் பண்ணிச் சொல்லிட்டாளாம். வெட்டை நிறுத்தச் சொல்லி உங்க ஆபீஸ்லேருந்து இப்ப பேசுவாங்களாம். மரம் இருக்கட்டுமாம், கட்டிலை எடுத்துட்டுப் போகட்டுமாம். இன்னியிலேருந்து எங்க கட்டில்ல என் இடத்துல அவ படுத்துக்குவாளாம். பசங்களுக்கு நடுவுல நான் படுக்கணுமாம்.